ஆறே முக்கால் கிலோ

பசைக்காரர் பார்க்க வந்தபோது ஜன்னல்காரர் அடுப்படியில் உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எத்தனையோ மரத்தைக் காகிதக் கனத்துக்கு இழைத்த கை, ஒரு கிழங்கின் தோலை மட்டும் விரல் கனத்துக்குச் சீவியது. சட்டிக்குப் போனது பாதி, குப்பைக்குப் போனது பாதி. மனைவியின் கை நன்றாக இருந்த நாளாக இருந்தால், "சீவச் சொன்னா செதுக்கிக்கிட்டு நிக்கிறீங்களே" என்று கத்தியைப் பிடுங்கியிருப்பாள். இப்போது அவள் முன்னறைக் கட்டிலில் சாய்ந்து, கட்டுப் போட்ட வலது கையைத் தலையணைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, வந்தவரோடு பேசிக்கொண்டிருந்தாள். பேசுவதெல்லாம் அடுப்படிக்குத் தெளிவாகக் கேட்டது.

பசைக்காரர் அவளோடு புத்தகக் கட்டுக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். பசை காய்ச்சுவதும் அட்டை ஒட்டுவதும் அவர் பாடு. அச்சாகி வருகிற தாள்களை மடித்து அடுக்கி ஊசி நூலால் தைப்பது அவள் பாடு. எதில் வேண்டுமானாலும் பசை ஒட்டும், அவர் வாயில் மட்டும் ஒட்டாது என்று கூடத்தில் கேலி பேசுவார்கள்.

"எப்படிம்மா ஆச்சு? நான் அடுப்புல பசையை வெச்சுட்டு நின்னேன். சத்தம் கேட்டு ஓடி வர்றதுக்குள்ள உன்னை வண்டியில ஏத்திட்டாங்க."

"என்னத்தைச் சொல்றது அண்ணே. ஒரே வெக்கை. ஜன்னலைத் தூக்கினேன், நின்னுச்சு. சரின்னு அடிக்கட்டை மேல கையை ஊணி வெளிய எட்டிப் பாத்தேன். அவ்வளவுதான், மேல இருந்து சர்ருனு வந்து இறங்கிடுச்சு."

"தானாவா விழுந்துச்சு?"

"அவரு மாட்டின ஜன்னல் அண்ணே, அது எப்படித் தானா விழும்? நான்தான் முழுசாத் தூக்காம பாதியில விட்டிருப்பேன். என் கவனக்குறைவு. இதுல அந்தத் தடியன் வேற மெழுகைத் தேய்ச்சு வெச்சிருக்கான்."

தடியன் என்றது அவள் தம்பியை. 'அவரு மாட்டின ஜன்னல்' என்றது இவரை. ஜன்னல்காரர் கத்தியைக் கீழே வைத்தார். உடம்பெல்லாம் கூசியது. போய் அவள் வாயைப் பொத்திவிடலாமா என்று இருந்தது. பன்னிரண்டு நாளாக வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அவள் இதையேதான் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவர் தண்ணீர் மொள்ளவோ அடுப்பைக் குறைக்கவோ எழுந்து போய்விடுவார்.

நடுவிரலும் மோதிரவிரலும் நசுங்கிப்போயிருந்தன. நடுவிரலைக் கம்பி வைத்துச் சேர்த்துவிட்டார்கள். மோதிரவிரலில் நகத்தோடு முதல் கணுவை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரி நடையில், அவள் துணியைச் சுற்றிய கையோடு உட்கார்ந்திருந்தபோது, மூச்சிரைக்க ஓடிவந்த இவர் முதல் வார்த்தையாக என்ன கேட்டார் தெரியுமா? "பாத்துத் திறக்கக் கூடாதா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தெரியும், அந்த ஜன்னலை யாராலும் பார்த்துத் திறக்க முடியாது என்று. தெரிந்தேதான் கேட்டார். அவள் குழந்தைபோலத் தலையைக் குனிந்துகொண்டு, "பாக்காம விட்டுட்டேங்க" என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது அவருக்கு. ஆனால் சாகவில்லை, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

இந்த ஜன்னலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மனிதர் எதற்கு இப்படிக் கூனிக் குறுகுகிறார் என்று விளங்காது.

சாதாரண ஜன்னல் கதவுபோலத் திறக்கும். இது அப்படியில்லை, மேலும் கீழும் ஏறி இறங்குவது. ஒரே சட்டத்துக்குள் இரண்டு கண்ணாடிக் கதவுகள், மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ்க் கதவைத் தூக்கினால் எந்த இடத்தில் கையை எடுக்கிறோமோ அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். கொக்கி கிடையாது, முட்டுக்கட்டை கிடையாது. பின்னே எப்படி நிற்கிறது? வித்தை சட்டத்துக்குள் இருக்கிறது. இரண்டு பக்கச் சட்டமும் உள்ளே கூடான பெட்டி. கதவின் பக்கவாட்டில் கட்டிய கயிறு மேலே போய், ஒரு கப்பியைச் சுற்றி, பெட்டிக்குள் இறங்குகிறது. அதன் நுனியில் உலக்கைத் துண்டுபோல நீளமான ஓர் இரும்புக் குண்டு தொங்குகிறது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கதவு ஏறினால் குண்டு இறங்கும், கதவு இறங்கினால் குண்டு ஏறும். வெளியே யார் கண்ணுக்கும் தெரியாது.

சூட்சுமம் எடையில்தான். இரண்டு குண்டும் சேர்ந்து கதவின் எடைக்கு வர வேண்டும். கீழ்க் கதவுக்கு ஒரு பிடி குறைவாக இருக்கலாம், மூடினால் மூடியபடி கிடப்பதற்காக. மேல் கதவுக்கு ஒரு பிடி கூட இருக்கலாம், ஏறினால் ஏறியபடி நிற்பதற்காக. அந்த ஒரு பிடிக்குமேல் வித்தியாசம் வந்தால் அது ஜன்னல் இல்லை, பொறி. முப்பது வருஷமாக இதே வேலையாக இருந்ததால்தான் அவருக்கு ஜன்னல்காரர் என்ற பெயரே நிலைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன் கூடத்துக்கு எதிர்ச் சாலையை அகலப்படுத்தினார்கள். பகலெல்லாம் பேருந்துகள் உறுமின. தையல்காரப் பெண்கள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை என்று முதலாளியம்மா எட்டு ஜன்னலுக்கும் தடித்த கண்ணாடி போடச் சொன்னார். மேல் கதவுகளை யாரும் இறக்காததால் அவை ஆணி அடித்தே இருந்தன. அதுவரை ஒன்பது கிலோ இருந்த கீழ்க் கதவு பதினாலு கிலோவாகிவிட்டது. பெட்டிக்குள் தொங்கியதோ பக்கத்துக்கு நாலே கால் கிலோ. இனிப் பக்கத்துக்கு ஆறே முக்கால் வேண்டும். வார்ப்புப் பட்டறையில் கேட்டார். மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மழைக்காலம். ஜன்னலைப் பிரித்துப்போட்டுக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்தால் தாளெல்லாம் ஊறிப்போகும் என்று முதலாளியம்மா குதித்தார்.

அப்போது ஜன்னல்காரர் ஒரு காரியம் செய்தார். கதவு வெளியே வராமல் பிடித்துக்கொள்ள ஓரத்தில் அடிக்கிற பீடிங் பட்டைகளைக் கொஞ்சம் நெருக்கி அடித்தார். இறுக்கத்தில் கதவு நின்றது. மழையில் மரமும் ஊதியதால் இன்னும் நன்றாக நின்றது. தூக்குவதற்குத்தான் இரண்டு பேர் தம் பிடிக்க வேண்டியிருந்தது. "புதுசு இல்லையாம்மா, போகப் போக விட்டுக்கொடுக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தார். பழைய குண்டுகளையே விட்டிருக்கிறேன் என்று சொல்லவில்லை. பிறகு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்தப் பிறகு வரவே இல்லை. எட்டு ஜன்னலும் நின்றன. நிற்கிற ஜன்னலை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்?

இந்த வருஷம் மழை பொய்த்தது. நாலு மாதம் வெறும் காற்றும் புழுதியும்தான். வீட்டில் கதவு மூட்டெல்லாம் விட்டுக்கொண்டு, அலமாரி தானாகத் திறந்துகொண்டது. கூடத்து ஜன்னல் மரமும் உள்ளுக்குள் சுருங்கியிருக்கும். பழைய பெயிண்ட் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தது போலும், தூக்க முடியவில்லை என்ற புகார் ஓயவில்லை. மச்சினன் அந்தக் கட்டடத்துக்கே காவலும் பராமரிப்பும். துடைப்பதிலிருந்து குழாய் மாற்றுவது வரை அவன்தான். ஒரு மெழுகுவத்தியை வாங்கி எட்டு ஜன்னலின் ஓரங்களிலும் அவன் நன்றாகத் தேய்த்துவிட்டான். நாலாம் நாள் அக்காவின் கை போயிற்று.

பசைக்காரர் கிளம்பும்போது அடுப்படிக்குள் தலையை நீட்டினார்.

"ஜன்னல்காரரே, மச்சினனைப் போய் ஒரு எட்டு பாருங்க. ஆள் சரியில்லை. முதலாளியம்மா சனிக்கிழமையோட நின்னுக்கச் சொல்லிட்டாங்க. அவன் அதைக்கூடப் பெருசா நினைக்கலை. சாப்பிட மாட்டேங்கிறான்."

"பாக்கிறேன்."

"நீங்க சொன்னாத்தான் கேப்பான்."

"பாக்கிறேன்னு சொன்னேன்ல." குரல் அவர் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது. பசைக்காரர் ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மச்சினன் இருந்தது கூடத்துக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கிய ஒற்றை அறையில். துடைப்பமும் வாளியும் பெயிண்ட் டப்பாவும் போக மிச்ச இடத்தில் ஒரு கட்டில். வயது முப்பத்தாறு, இன்னும் கல்யாணம் இல்லை. தாய் போன பிறகு அவனுக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பியவள் அக்காதான். தினமும் மத்தியானம் அவள் கொண்டுபோகிற டப்பாவில் அவனுக்கும் பங்கு இருக்கும். பன்னிரண்டு நாளாக அவன் வீட்டுப் படி ஏறவில்லை.

ஜன்னல்காரர் போனபோது அவன் ரொட்டியும் டீயும் தொடாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக்கொண்டிருந்தான். அறை முழுக்க அந்த வாடை.

"வாங்க மாமா. அக்கா எப்படி இருக்கு?"

"இருக்கா. நீ ஏன் வீட்டுப் பக்கமே வரலை?"

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வரச் சொல்றீங்க?"

"இது என்ன துணி, மண்ணெண்ணெய்?"

"மெழுகைத் துடைக்கிறேன். நாலு ஜன்னல் முடிஞ்சுது. போறதுக்குள்ள மிச்ச நாலையும் துடைச்சுட்டா, அடுத்தவங்க கையாவது தப்பிக்கும்." துணியைப் பிழிந்தான். "இறுக்கமா இருக்குடா, தூக்க முடியலைனு அக்காதான் மாமா சொல்லிச்சு. தேய்ச்சு முடிச்சு அக்காவையே கூப்பிட்டுக் காட்டினேன். பாரு, வெண்ணெய் மாதிரி போகுதுனு பெருமை வேற அடிச்சுக்கிட்டேன். அக்காவும் சிரிச்சுது. என் தம்பிக்கு இப்பதான் ஒரு வேலை உருப்படியா வந்திருக்குனு எல்லார் முன்னாடியும் சொல்லிச்சு."

"மெழுகு தேய்க்கிறது தப்பில்லை மாப்ளே."

"தப்பில்லாமத்தான் விரல் போச்சா?"

"அதில்லைடா. ஒரு ஜன்னல்னா... ஒழுங்கான ஜன்னல்னா..."

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஒழுங்கான ஜன்னலுக்கு மெழுகென்ன, எண்ணெயையே ஊற்றினாலும் விழாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் இரண்டும் தூக்கம் கெட்டுச் சிவந்திருந்தன.

"எனக்காகப் பரிஞ்சு பேசாதீங்க மாமா. நீங்க எவ்வளவு பெரிய வேலைக்காரர்னு ஊருக்கே தெரியும். உங்க வேலை மேல என் கையை வெச்சுக் கெடுத்துட்டேன். அக்காகூட ஆஸ்பத்திரியில வலி தாங்காம ஒரு தடவை, உன் மெழுகாலதான்டா போச்சுனு திட்டிடுச்சு. நீங்க இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் எனக்குத் தாங்கலை. ரெண்டு அறை விட்டிருந்தீங்கன்னா நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

ஜன்னல்காரர் வாயில் வந்தது வேறு.

"ரொட்டியைச் சாப்பிடு. காய்ஞ்சு போகுது."

"ஒரு சிநேகிதன் லாரி ஓட்டுறான். துறைமுகத்துல மூட்டை ஏத்துற வேலை இருக்காம். திங்கக்கிழமை சாயங்காலம் அவனோட கிளம்பிடறேன். இங்கேயே இருந்தா அக்கா கையைப் பாக்கும்போதெல்லாம் செத்துச் செத்துப் பிழைக்கணும். நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க மாமா."

"சொல்றேன்" என்றார் ஜன்னல்காரர். தன்னைப் பற்றிச் சொல்ல வந்தவர், அவன் ஊரைவிட்டுப் போவதைச் சொல்கிற பொறுப்பை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

வழியெல்லாம் மனது ஒரு வழி தேடியது. இப்படிச் செய்தால் என்ன? பதினாறு குண்டுக்குச் சொல்லிவைப்பது. வந்ததும் சும்மா ஒரு தடவை பார்த்துத் தருகிறேன் என்று முதலாளியம்மாவிடம் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லாத நேரம் ஒவ்வொன்றாக மாற்றிவிடுவது. யாருக்கும் தெரியாது. மச்சினன் துறைமுகத்தில் சம்பாதித்துக்கொள்வான்; அவனுக்கும் ஒரு மாறுதல்தானே? இந்த இடத்துக்கு வந்தபோது நடைபாதையில் நின்று காறித் துப்பினார். எதிரே வந்த ஒருவர் தன்னைப் பார்த்துத்தான் துப்புகிறார் என்று முறைத்துவிட்டுப் போனார்.

அவன் போவதைச் சொன்னபோது அவள் அழவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"திங்கக்கிழமை என்னையும் வரச் சொல்லியிருக்காங்க. சனிக்கிழமை கட்டுப் பிரிச்சதும் வந்து ஊசி பிடிச்சுக் காட்டுன்னாங்க. அப்பவே அவனுக்காகவும் கேட்டுப் பாக்கிறேன். நீங்களும் கூட வாங்க. நீங்க நின்னா முதலாளியம்மா கொஞ்சம் இறங்கி வருவாங்க. உங்க மேல அவங்களுக்குத் தனி மரியாதை."

திங்கட்கிழமை காலையிலேயே அனல் அடித்தது. கூடம் இரண்டாவது மாடியில். நீளமான ஒற்றை அறை, சாலைப் பக்கம் எட்டு ஜன்னல், நடுவில் வரிசையாகத் தையல் மேஜைகள். பசையும் புதுத் தாளும் கலந்த வாடை. மிச்ச நாலு ஜன்னலைத் துடைக்க மச்சினனுக்கு நேரம் போதவில்லை போலும், வாளியும் துணியும் வாசலிலேயே இருந்தன. அவனும் உள்ளே வராமல் அங்கேயே நின்றான். அக்காவைப் பார்த்ததும் பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டான். அவள் அவனைக் கடந்து போகும்போது, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

முதலாளியம்மா கெட்டவர் இல்லை. நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு மேஜைமேல் நாலு மடிப்புத் தாளையும் ஊசியையும் நூலையும் வைத்தார்.

"அவசரம் ஒண்ணுமில்லைம்மா. முடிஞ்ச வரைக்கும் பண்ணு."

அவள் ஊசியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தாள். அது முடிந்தது. மடிப்பின் நடுவே குத்தி வாங்கி, நூலை இழுத்து, அடுத்த மடிப்போடு பின்னி இறுக்க வேண்டும். இறுக்கும்போது நூலைத் தாங்குவது நடுவிரலும் மோதிரவிரலும். நடுவிரல் மடங்கவில்லை. மோதிரவிரலில் தாங்க இடமில்லை. நூல் நழுவியது. மறுபடி இழுத்தாள், மறுபடி நழுவியது. நாலு தாளைத் தைத்து முடித்தபோது அவள் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. முதலாளியம்மா எடுத்துப் பிரித்தார். தாள்கள் தொளதொளவென்று ஆடின.

"மடிக்கிற வேலை பாக்கிறியாம்மா? அதுக்கு விரல் அவ்வளவா வேண்டாம்."

"எது குடுத்தாலும் பாக்கிறேம்மா." இருபத்திரண்டு வருஷம் தைத்தவள். குரல் கொஞ்சம் உடைந்து, பிறகு சரியாயிற்று. "எனக்கு இதுவே போதும். தம்பியை மட்டும் நிறுத்தாதீங்க. அவன் நல்லதுன்னு நினைச்சுத்தான் தேய்ச்சான். தப்பு என்னோடது. நான்தான் பாத்துத் திறந்திருக்கணும்."

ஜன்னல்காரர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். அந்த வார்த்தை இவர் ஆஸ்பத்திரி நடையில் கொடுத்த வார்த்தை. அவள் அதைப் பத்திரமாக வைத்திருந்து, தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறாள். அவருக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

அந்த நேரத்தில்தான், ஓரத்தில் இருந்த புதுப்பெண் ஒருத்தி, "அய்யோ, என்ன புழுக்கம்" என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்து, ஐந்தாவது ஜன்னலின் கீழ்க் கதவில் கை வைத்தாள்.

"தொடாதே!"

கூடமே திடுக்கிட்டது. பசைக்காரர் கையிலிருந்த, பசை தடவுகிற மட்டை கீழே விழுந்தது. அந்தப் பெண் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள்.

"என்ன ஜன்னல்காரரே, இப்படிக் கத்துறீங்க?" என்றார் முதலாளியம்மா.

"அது விழும்மா. எட்டும் விழும்."

"அதான் மெழுகைத் துடைக்கிறானே."

"மெழுகால இல்லைம்மா."

சொன்னபிறகு நின்றால் ஓடிவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்தது. எப்போதும் தோளில் தொங்குகிற கருவிப் பையிலிருந்து திருப்புளியையும் உளியையும் எடுத்தார். நாலு மேஜைகளைத் தாண்டி, மனைவியின் விரலை எடுத்த ஜன்னலுக்குப் போனார். பக்கச் சட்டத்தில், பெயிண்டுக்கு அடியில், ஒரு சின்ன மரமூடி இருக்கும். பெட்டிக்குள் கை விட அதுதான் வழி. உளியால் பெயிண்டைக் கீறி, திருகாணியைக் கழற்றி, மூடியைப் பெயர்த்தார். உள்ளே கை விட்டு, கயிற்றை அவிழ்த்து, குண்டை வெளியே எடுத்தார். துருவும் புழுதியும் கையெல்லாம் அப்பிக்கொண்டன. கூடத்தில் தாள் கட்டு நிறுக்கிற தராசு இருந்தது. அதில் கொண்டுபோய் வைத்தார்.

"நாலே கால்" என்று பசைக்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"அந்தப் பக்கமும் இதேதான். ரெண்டும் சேர்ந்து எட்டரை. கதவு பதினாலு கிலோ. கண்ணாடி மாத்தினப்ப குண்டையும் மாத்தியிருக்கணும். மாத்தலை. பட்டையை நெருக்கி அடிச்சு நிக்க வெச்சேன். இவ்வளவு நாள் இறுக்கத்துலதான் நின்னுச்சு. மரம் காய்ஞ்சதும் விட்டுடுச்சு." குரல் தரையிலிருந்து வருவதுபோல இருந்தது. வாசலைப் பார்த்தார். "மெழுகு தேய்ச்சது சரியான வேலை மாப்ளே. என் ஜன்னல் ஒழுங்கா இருந்திருந்தா எவ்வளவு வழுக்கினாலும் நின்ன இடத்துல நின்னிருக்கும். உன் மேல ஒரு தப்பும் இல்லை. உன் அக்கா மேலயும் இல்லை."

மச்சினன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான். முழங்கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முதுகு மட்டும் குலுங்கியது.

"ஏன் இப்படிப் பண்ணினீங்க?" என்றார் முதலாளியம்மா. கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதில் இருந்தது.

இவ்வளவு தூரம் வந்த ஜன்னல்காரர், இன்னும் ஓர் அடி வைத்திருக்கலாம்.

"கணக்குத் தப்பிப்போச்சும்மா. இவ்வளவு வித்தியாசம் வரும்னு நினைக்கலை."

கூடத்தில் பெருமூச்சுகள் கேட்டன. கணக்குத் தப்புவது யாருக்கும் நடக்கக்கூடியது. அங்கே இருந்த ஒவ்வொருவரும் என்றாவது ஒரு பக்கத்தை மாற்றித் தைத்தவர்கள், ஓர் அட்டையைத் தலைகீழாக ஒட்டியவர்கள்.

"மனுஷன்தானே, யாருக்குத் தப்பு வரலை?" என்றார் பசைக்காரர். "சொந்தப் பெண்டாட்டி கைன்னு ஆகிப்போச்சே, பாவம். எப்படித்தான் மனசுக்குள்ள வெச்சுப் புழுங்கினாரோ."

"நீங்களே வந்து ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அது பெரிய விஷயம்" என்றார் முதலாளியம்மா. "எட்டுக்கும் இன்னிக்கே குண்டுக்குச் சொல்லுங்க. வர்ற வரைக்கும் எல்லா ஜன்னலையும் ஆணி அடிச்சு மூடிடுங்க. டேய், நீ எங்கேயும் போக வேண்டாம். எழுந்திரு."

மச்சினன் எழுந்து வந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல்காரரின் துரு படிந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "விடுங்க மாமா. நீங்க என்ன, வேணும்னா செஞ்சீங்க?" என்றான்.

அவன் கை வெதுவெதுப்பாக இருந்தது. விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஜன்னல்காரருக்கு மூச்சு அடிவயிறு வரை இறங்கியது. எல்லோரும் அவரைக் கனிவோடு பார்த்தார்கள். அந்தக் கனிவு இதமாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. கூசியபடியே அதில் கொஞ்சம் குளிர் காய்ந்தார்.

அவள் எழுந்து தராசிடம் வந்தாள். அதன்மேல் கிடந்த குண்டை இடது கையால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, எவ்வளவு இருக்கணும்னு சொன்னீங்க?"

"பக்கத்துக்கு ஆறே முக்கால்."

"இங்க கண்ணாடி மாத்தின கையோட, நம்ம வீட்டு முன்னறை ஜன்னலுக்கும் இதே கண்ணாடிதானே போட்டீங்க? பஸ் சத்தம் கேக்குது, தூக்கம் வரலைனு நான் புலம்பினேன்னு."

"ஆமா."

"இதே அளவு ஜன்னல்தானே அது?"

"ஆமா."

"அப்ப கட்டிலுக்கு அடியில ரெண்டு குண்டு கொண்டுவந்து வெச்சிருந்தீங்க. நான் கூட்டும்போது கால்ல இடிச்சுக்கிட்டு, என்ன எழவு இது இம்புட்டுக் கனம்னு கேட்டேன். இதைவிட நீளமா இருந்துச்சு." குண்டிலிருந்து கையை எடுத்தாள். "அது எவ்வளவு?"

மச்சினனின் கை இன்னும் அவர் கையைப் பிடித்திருந்தது. ஜன்னல்காரர் அதை விலக்கிக்கொண்டார்.

"ஆறே முக்கால்."

"பட்டறையில மூணு வாரம் ஆகும்னாங்களே. ஜன்னலுக்குப் பலகை அடிச்சு வெச்சு, நாம இருட்டுலயே உக்காந்திருந்தோமே."

"ஆமா."

"நம்ம வீட்டுக்குக் காத்திருந்தீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. கேட்பதுபோலக்கூடச் சொல்லவில்லை. தனக்கு விளங்கிவிட்ட ஒன்றைத் தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள். பசைக்காரர் குனிந்து, கீழே விழுந்த மட்டையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஆமா" என்றார் ஜன்னல்காரர். "காத்திருந்தேன்."